தச்சர் பிராமாவும் அலுமினிய மேசையும்

பள்ளி இயற்பியல் நூலில் பாஸ்கல் விதியைப் படித்தபோது 'பிராமா அழுத்தி' என்றொரு படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சிறிய உருளை, ஒரு பெரிய உருளை, நடுவே நீர். சிறியதில் கொடுத்த விசை பெரியதில் பன்மடங்காகும். தேர்வுக்கு அந்தப் படத்தை வரைந்து, பாகங்களைக் குறித்து, ஐந்து மதிப்பெண் வாங்கியதோடு பிராமாவை நாம் மறந்துவிடுகிறோம். வகுப்பில் இதை ஆண்டுதோறும் நடத்தும் நானும் அவர் ஒரு பேராசிரியராகவோ பொறியாளராகவோ இருந்திருப்பார் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அவர் ஒரு தச்சர்.

இந்தச் செய்தி எனக்குத் தெரியவந்தது ஒரு வேலைமேசையால். மர வேலை செய்வதில் எனக்குச் சிறிது பழக்கம் உண்டு. இழைப்பதற்கும் அறுப்பதற்கும் ஒரு மேசை வேண்டியிருந்தது. தேக்கின் விலையைக் கேட்டதும் தேக்கு ஆசை போயிற்று. மலிவு மரத்தைக் கரையான் விடாது. ஆகவே சட்டத்தை அலுமினியத்தால் அமைத்து, மேற்பலகையை மட்டும் மரத்தில் போடலாம் என்று முடிவு செய்தேன். நான்கு பக்கமும் நீளவாட்டில் காடி ஓடும் சதுர அலுமினியத் தண்டுகள் இப்போது விற்கின்றன அல்லவா? காடிக்குள் நட்டைச் செருகி, எந்த இடத்தில் வேண்டுமானாலும் போல்ட்டை முடுக்கிக்கொள்ளலாம். வெல்டிங் வேண்டாம், துளையிட வேண்டாம். அந்தத் தண்டு எப்படிச் செய்யப்படுகிறது என்று தேடிக்கொண்டு போனபோது, வழியின் மறுமுனையில் பிராமா நின்றுகொண்டிருந்தார்.

ஜோசப் பிராமா 1748-ல் இங்கிலாந்தின் யார்க்ஷையரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பதினாறு வயதளவில் காலில் பட்ட காயத்தால் ஏர் பிடிக்க முடியாமற் போயிற்று. எனவே ஊர்த் தச்சரிடம் தொழில் பழகவிட்டார்கள். பின்பு லண்டன் சென்று மரச்சாமான் செய்பவராக வாழ்க்கையைத் தொடங்கினார். வீடுகளில் கழிப்பறைத் தொட்டிகளைப் பொருத்தும் வேலை வந்தபோது அவற்றின் குறையைக் கண்டு திருத்தி, 1778-ல் உரிமம் பெற்றார். 1784-ல் ஒரு பூட்டு. அதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்துக் கடை வாசலில் வைத்திருந்தார்கள். 1851-ல் ஓர் அமெரிக்கர் 16 நாட்களில் 51 மணிநேரம் முயன்று திறக்கும்வரை அது தோற்கவில்லை. 1795-ல் நமது பாடநூலில் இருக்கும் அழுத்தி வந்தது.

பாஸ்கலின் விதி அதற்கு நூறாண்டுகளுக்கும் மேல் முந்தியது. விதி தெரிந்திருந்தும் ஏன் யாரும் அழுத்தியைச் செய்யவில்லை? பெரிய உருளையில் தண்டு ஏறும் இடத்தில் நீர் பீறிட்டுக் கசிந்ததுதான் தடை. கசிவை அடைக்க இறுக்கினால் தண்டு நகராது. தளர்த்தினால் நீர் நிற்காது. கிண்ண வடிவில் வளைத்த தோல் வளையத்தை வைத்தால், நீரின் அழுத்தமே தோலைத் தண்டோடு அழுத்திக் கசிவை அடைத்துவிடும். அழுத்தம் குறைந்தால் தோலும் தளரும். இந்த யோசனை பிராமாவின் பட்டறையில் வேலை செய்த ஹென்றி மாட்ஸ்லி என்ற இளைஞருடையது என்பார்கள். அந்த மாட்ஸ்லி 1797-ல் தம் 30 ஷில்லிங் வாரக்கூலியைச் சற்று உயர்த்தித் தரும்படி கேட்டார். பிராமா மறுத்தார். மாட்ஸ்லி வெளியேறித் தனிப் பட்டறை வைத்து, திருகு வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செம்மைப்படுத்திப் புகழ் பெற்றார். போல்ட்டும் நட்டும் ஒன்றுக்கொன்று தவறாமல் பொருந்துகிற காலத்துக்கு அடிகோலியவர்களில் அவர் முதன்மையானவர். பிராமாவின் அந்தச் சிக்கனம் எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அதே 1797-ல்தான் பிராமா இன்னொரு உரிமம் பெற்றார். அக்காலத்தில் ஈயக் குழாய் என்றால் தகட்டை வளைத்து ஓரத்தைப் பற்றவைப்பதுதான். பற்றுவாய் விட்டுப்போகும், கசியும். உருகிய ஈயத்தை ஓர் உருளையில் ஊற்றி, உலக்கை போன்ற தண்டால் அழுத்தி, நடுவில் கருவுள்ள ஒரு வாய் வழியே தள்ளினால் பற்றுவாயே இல்லாத குழாய் நீளமாக வெளிவரும் என்றார் பிராமா. நம் வீட்டு முறுக்கு நாழியை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு எதுவாயினும் வில்லையின் துளை எப்படியோ அப்படியே பிழிவு வரும். ஓமப்பொடிக்கு ஒரு வில்லை, ரிப்பன் பக்கோடாவுக்கு ஒரு வில்லை. உலோகத்துக்கும் அப்படி ஒரு நாழி என்பதே பிராமாவின் கருத்து.

ஆனால் அவர் தம் நாழியையும் தம் நீர் அழுத்தியையும் ஒன்று சேர்க்கவில்லை. அதை 1820-ல் ஷ்ரூஸ்பரி நகரின் குழாய்த் தொழிலாளர் தாமஸ் பர் செய்தார். அப்போது பிராமா உயிரோடு இல்லை. ஹாம்ப்ஷையரில் ஹோல்ட் காட்டில் தம் அழுத்தியைக் கொண்டு மரங்களை வேரோடு பெயர்க்கும் வேலையை மேற்பார்த்தபோது குளிர் தாக்கி, 1814 டிசம்பரில் இறந்துபோனார். மரத்தில் தொடங்கி மரத்தில் முடிந்த வாழ்க்கை.

ஈயம் மென்மையானது. பித்தளையையும் செம்பையும் பிழிய வேண்டுமானால் செந்தணலாகக் காய்ச்ச வேண்டும். அந்தச் சூட்டில் நாழியே விரிந்து வெடித்துவிடும். வெப்பத்தையும் அழுத்தத்தையும் ஒருங்கே தாங்கும் நாழியை அமைத்து 1894-ல் பித்தளையைப் பிழிந்து காட்டியவர் அலெக்சாண்டர் டிக். அலுமினியம் அப்போதுதான் சாமானியர் கைக்கு எட்டத் தொடங்கியிருந்தது. 1884-ல் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் ஏறத்தாழ 2.8 கிலோ எடையுள்ள அலுமினியக் கூம்பைப் பெருமையாக வைத்தார்கள் என்றால் அதன் அருமையை எண்ணிப் பாருங்கள். இரண்டே ஆண்டுகளில், 1886-ல், அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியே மின்னாற்பகுப்பு முறையைக் கண்டார்கள். இருவரும் 1863-ல் பிறந்தவர்கள். இருவரும் 1914-ல் இறந்தவர்கள். விலை சரிந்தது. நம் சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் 1898-ல் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்ததும் இந்த விலைச் சரிவால்தான். பின்னாளில் 1965-ல் மேட்டூரிலேயே அலுமினியம் உருக்கினார்கள். 2008-ல் அது நின்றுபோயிற்று.

பிழிவதற்கு அலுமினியத்தைப் போல் இசைவான உலோகம் குறைவு. அதன் உருகுநிலை 660 டிகிரி. 450 முதல் 500 டிகிரிக்குச் சூடேற்றினால் திண்மமாகவே இருக்கும், ஆனால் பிசைந்த மாவுபோல் ஒழுகும். 18 செ.மீ. விட்டமுள்ள உருளைக் கட்டியை 1600 டன் அழுத்தி தள்ளுகிறது என்று வையுங்கள். கட்டியின் முகப்பரப்பு ஏறத்தாழ 254 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீட்டரிலும் 6 டன்னுக்கு மேல்! தள்ளுவது யார்? அதே பிராமா அழுத்திதான். நீருக்குப் பதில் எண்ணெய்.

இங்கே ஒரு புதிர். உள்ளே பொள்ளலான தண்டு வேண்டுமானால் வில்லையின் துளை நடுவே ஒரு கரு நிற்க வேண்டும். அந்தரத்தில் அது எப்படி நிற்கும்? பின்பக்கத்தில் பாலம்போல் கைகள் வைத்துக் கருவைத் தாங்குகிறார்கள். வரும் உலோகம் அந்தக் கைகளைச் சுற்றி இரண்டு மூன்று ஓடைகளாகப் பிரிகிறது. கைகளைத் தாண்டியதும் மீண்டும் ஒன்றுகூடி ஒட்டிக்கொள்கிறது. காற்றே படாத இடமாதலால் ஆக்சைடு ஏடு படிவதில்லை. சூடும் அழுத்தமும் சேர்ந்து ஓடைகளை ஒரே உலோகமாக்கிவிடுகின்றன.

பிழிந்த தண்டு மென்மையானது. அதை வலுவாக்கும் வழியை ஜெர்மானியர் ஆல்பிரட் வில்ம் 1906-ல் ஏறக்குறையத் தற்செயலாகக் கண்டார். செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கிக் குளிர்வித்து, வார இறுதியில் அப்படியே விட்டுப்போய்த் திரும்பி வந்து அளந்தபோது கடினம் ஏறியிருந்தது. உலோகத்தினுள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் பிரிந்து படிவதே காரணம் என்பதை 1938-ல் எக்ஸ் கதிர்களால் கினியேயும் பிரஸ்டனும் காட்டினார்கள். இன்றைய சட்டத் தண்டுகளில் மக்னீசியமும் சிலிக்கனும் சிறிதளவு கலந்திருக்கும். ஏறத்தாழ 175 டிகிரியில் பல மணிநேரம் வைத்தெடுத்தால் அவையும் இதே முறையில் வலுப்பெறுகின்றன.

காடி மட்டும் பழைய சரக்கு. இயந்திரக் கருவிகளின் மேசையில் வேலைத்துண்டைப் பிடித்துக் கட்ட 'டி' வடிவக் காடிகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தன. அவற்றைக் கடைந்து எடுப்பது நேரமும் செலவும் பிடிக்கும். தண்டைப் பிழியும்போதே காடியும் வந்துவிடுமானால்? 1980-ஐ ஒட்டி ஜெர்மனியில் இத்தகைய தண்டுகள் இயந்திரச் சட்டங்களுக்காக விற்பனைக்கு வந்தன. அங்கிருந்து ஆய்வுக்கூடங்களுக்கும், பிறகு வீட்டுப் பட்டறைகளுக்கும் பரவின.

இனி மேசைக்கு வருவோம். நம் நாட்டுத் தச்சர் பெரும்பாலும் தரையில் அமர்ந்து, காலால் மரத்தை அழுத்திப் பிடித்து இழைத்தவர். பூமியே அவருக்கு மேசை, அது அசையாது. நின்று வேலை செய்த ஐரோப்பியத் தச்சரோ அந்த அசையாமையை மேசையில் கொண்டுவர வேண்டியிருந்தது. ஜெர்மனியின் சால்பர்க் என்ற ரோமானியக் கோட்டைக் கிணற்றிலிருந்து 2-ஆம் நூற்றாண்டின் தச்சு மேசை ஒன்று கிடைத்துள்ளது, முழங்கால் உயரம்தான். தாமே தச்சுத் தொழில் செய்துகொண்டு, 1769 முதல் தம் பெருநூலை வெளியிட்ட பிரெஞ்சுக்காரர் ரூபோ விவரிக்கும் மேசையோ பெரியது: நீளம் ஒன்பது அடி, மேற்பலகையின் கனம் மட்டும் ஐந்தாறு அங்குலம். கணக்கிட்டால் அந்தப் பலகை ஒன்றே 150 கிலோவைத் தாண்டும்.

ஏன் இவ்வளவு எடை? இழைப்புளியை இரு கையாலும் தள்ளும்போது கிடைமட்டமாக 200 நியூட்டன் விசை எளிதாக உண்டாகும். மேசை நழுவாமல் நிறுத்துவது தரையின் உராய்வு. உராய்வுக் குணகம் 0.4 என்றால், 200 நியூட்டனைத் தாங்க மேசைக்குக் குறைந்தது 51 கிலோ நிறை வேண்டும். ஒன்றரை மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலத்தில் ஒரு சட்டத்துக்கு ஏறத்தாழ 12 மீட்டர் தண்டு ஆகும். 40 மில்லிமீட்டர் சதுரத் தண்டு மீட்டருக்கு 2 கிலோ என்று வைத்தாலும் 24 கிலோதான் வரும். எளிதில் தூக்கலாம் என்று விளம்பரத்தில் சொல்லும் நற்குணமே இங்கே குற்றம்.

விறைப்பிலும் ஒரு மயக்கம் உண்டு. அலுமினியத்தின் யங் குணகம் 70 கிகாபாஸ்கல். தேக்குக்கு 11 அளவில். உலோகம் ஆறு மடங்கு விறைப்பானது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். வளைவைத் தடுப்பதில் குறுக்குவெட்டின் அளவு நான்காம் அடுக்கில் புகுந்து வேலை செய்கிறது. 9 செ.மீ. சதுரத் தேக்குக் காலின் பரப்புத் திருப்புமை 547 செ.மீ.⁴, 4 செ.மீ. சதுரக் காடித்தண்டுக்கோ 10 செ.மீ.⁴ அளவுதான். குணகத்தால் பெருக்கிப் பாருங்கள்: தடித்த மரக்கால் எட்டு ஒன்பது மடங்கு விறைப்பானது! தண்டின் ஒரு பக்கத்தை 80 மில்லிமீட்டராக்கினால் அந்தத் திசையில் விறைப்பு ஆறேழு மடங்கு கூடி, மரத்துக்கு அருகில் வந்துவிடும். எனவே கால்களை 40-க்கு 80 தண்டில் வைத்து, அகலப் பக்கம் நீளவாட்டில் நிற்கும்படி அமையுங்கள். இழைக்கும் விசை வருவது அந்தத் திசையில்தான்.

இதை நான் முன்கூட்டியே கணக்கிடவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கடையில் கிடைத்த 40 மில்லிமீட்டர் தண்டுகளை வாங்கி, சிறு மூலைப் பிடிகளால் இணைத்து, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, பெருமையோடு முதல் பலகையை இழைத்தேன். மேசை ஊஞ்சலாடியது. கல்லூரி வில் தராசைக் கடன் வாங்கி மேல் விளிம்பில் கட்டி 10 கிலோ அளவுக்கு இழுத்தேன். அருகில் நட்ட அளவுகோலில் 9 மில்லிமீட்டர் நகர்ச்சி. போல்ட்டுகளை முடிந்தமட்டும் முடுக்கினேன், 7 ஆயிற்று. தண்டு வளைவது பாதி, மூலைப் பிடி நெகிழ்வது பாதி. கழுந்தும் துளையுமாகத் தச்சர் இறுக்கிய இணைப்பு தரும் பிடிமானத்தை ஒரு சிறு பிடியும் இரண்டு போல்ட்டும் தருவதில்லை. நான்கு பக்கச் சட்டம் சாய்சதுரமாகச் சரியும், முக்கோணம் சரியாது. பின்பக்கத்தில் 12 மில்லிமீட்டர் பிளைவுட் பலகையைக் காடி நெடுகப் போல்ட்டுகளால் பிணைத்தேன். நகர்ச்சி ஒரு மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டது. கால்களை மாற்றியிருந்தால்கூட இவ்வளவு பயன் கிடைத்திருக்காது.

மேற்பலகையைப் பொருத்துவதில்தான் காடி தன் அருமையைக் காட்டுகிறது. வெயிலுக்கும் மழைக்கும் 15 டிகிரி வேறுபாட்டில் ஒன்றரை மீட்டர் அலுமினியம் அரை மில்லிமீட்டர் நீளும். மரம் வெப்பத்துக்கு அவ்வளவு அஞ்சுவதில்லை, ஈரத்துக்கு அஞ்சும். 60 செ.மீ. அகலப் பலகை கோடைக்கும் ஐப்பசி அடைமழைக்கும் இடையே குறுக்குவாட்டில் சில மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். இரு ஓரமும் அசையாமல் கட்டினால் பலகை பிளக்கும் அல்லது குவியும். முன் ஓரத்தை மட்டும் இறுக்கிக் கட்டி, பின் ஓரத்தை அகலவாட்டுத் தண்டுகளின் காடியில் நட்டு நகரும்படி சற்றுத் தளர்த்தி விடுங்கள். உளி வைத்து அடிக்கும் வேலையைக் காலுக்கு நேர் மேலே செய்யுங்கள். நடுவில் அடித்தால் சட்டம் துள்ளும்.

எடைக் குறைக்கு எளிய மருந்து அடித்தட்டு. கீழ்ச் சட்டத்தில் ஒரு பலகையைப் போட்டு, சாக்கில் கட்டிய மணல் 60 கிலோ வைத்திருக்கிறேன். வீடு மாறும்போது மணலைக் கொட்டிவிட்டு, நட்டுகளைக் கழற்றி, தண்டுகளைக் கட்டாகக் கட்டி ஆட்டோவில் எடுத்துப்போகலாம். ரூபோவின் மேசைக்கு மாட்டுவண்டியும் நான்கு ஆட்களும் வேண்டியிருக்கும்.