சுண்ணாம்புக் கல்லும் கல்வியும்

செல்வம் எதனால் பெருகுகின்றது? நிலத்தாலா, பணத்தாலா, உழைப்பாலா, அன்றி வேறொன்றாலா? இவ்வினா பொருளாதார நூலோர்க்கு மட்டும் உரியதன்று. அரியலூர், பெரம்பலூர் ஜில்லாக்களில் வாழும் நம் குடும்பத்தார் ஒவ்வொருவர்க்கும் உரியதாகும். ஏனெனில், பிற தேசத்தார் புத்தகங்களிற் படித்தறியும் இவ்விஷயம் நம் மண்ணிலேயே நிகழ்ந்து காட்டியிருக்கின்றது. அதனைச் சங்க அன்பர்கள்முன் சுருங்கக் கூற முற்படுகின்றேன்.

நிலத்தின் வரலாறு

ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் நாம் இன்று ஏர் ஓட்டும் இந்நிலத்தின் பெரும்பகுதி கடலடியாயிருந்தது. அக்கடலில் வாழ்ந்த பிராணிகளின் ஓடுகள் படிந்து இறுகியே நமது சுண்ணாம்புக் கல்லாயிற்று. நம் சிறுவர் ஓடைகளில் எடுத்து விளையாடும் கற்சங்குகளும், பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில் 1940ஆம் ஆண்டு எம். எஸ். கிருஷ்ணன் என்னும் பூதத்துவ அறிஞர் கண்டறிந்த, 18 மீட்டர் அளவு நீளமுள்ள கல்மரமும் அதற்குச் சாட்சிகளாம். இந்தியப் பூதத்துவ இலாகாவைச் சேர்ந்த பிளான்போர்டு என்னும் ஆங்கிலேயர் இப்பகுதியை அளந்து ஆராய்ந்து 1862இல் அறிக்கை வெளியிட்டார். அதுமுதல் ஊட்டத்தூர், அரியலூர் என்னும் ஊர்ப்பெயர்கள் உலகத்துப் பூதத்துவ நூல்களில் இடம்பெற்று விளங்குகின்றன.

ஆயினும் கல் இருந்தமையால் மாத்திரம் செல்வம் வந்துவிடவில்லை. ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கி ஆண்ட காலத்திலும் இக்கல் இங்கேயே கிடந்தது. கல்லைக் காளவாயிலிட்டுச் சுட்டு, நீற்றி, மணல் கூட்டி அரைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துச் சாந்து செய்யும் வித்தையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அவர்கள் பூசிய சுவர்கள் நூற்றாண்டுகள் பல கடந்தும் நிற்கின்றன. அவ்வாறிருந்தும் அவ்வித்தை பெருந்தொழிலாக வளராமைக்குக் காரணம் யாது?

செய்யும் அறிவும், காரணம் காணும் அறிவும்

1756ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜான் ஸ்மீட்டன் என்னும் சிற்பி கடல் நடுவே கலங்கரை விளக்கம் ஒன்று கட்ட வேண்டியவரானார். தண்ணீரில் கரையாத சாந்து அவருக்குத் தேவைப்பட்டது. பல ஊர்ச் சுண்ணாம்புக் கற்களைத் தருவித்து அமிலத்திற் கரைத்துப் பார்த்தார். கரையாமல் களிமண் எஞ்சும் கல்லே நீரில் இறுகும் சுண்ணாம்பைத் தரும் என்று கண்டார். கைப்பழக்கத்தோடு காரணம் அறியும் ஆராய்ச்சி கூடிய தருணம் அது. அதன் வழியிற் சென்ற ஜோசப் ஆஸ்ப்டின் என்னும் கொத்தனார் 1824இல் போர்ட்லண்டு சிமெண்டுக்குத் தனியுரிமை பெற்றார். சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் கலந்து 1450 பாகை அளவு உஷ்ணத்தில் சுட்டு, வந்த கட்டியைச் சிறிது ஜிப்சம் சேர்த்து அரைப்பதே இன்றைய முறை.

நம் கொத்தனார்களும் கைத்திறனிற் குறைந்தவரல்லர். ஆனால் ஒரு குடும்பத்தில் தகப்பன் மகனுக்குச் சொன்ன பக்குவம் அக்குடும்பத்தோடு நின்றது. எழுதி வெளியிட்டுப் பிறரால் சோதிக்கப்பெற்ற அறிவோ ஊர்தோறும் பரவி, ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்தது. 2025ஆம் ஆண்டு பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்ற ஜோயல் மோகிர் என்னும் சரித்திர ஆசிரியர் வற்புறுத்துவதும் இதுவே. எப்படிச் செய்வது என்னும் அறிவும், ஏன் அப்படி ஆகின்றது என்னும் அறிவும் கைகோத்த பிறகே மேனாடுகளில் வளர்ச்சி இடையறாது தொடர்ந்தது என்பது அவர் கொள்கை.

தொழில் வந்த விதம்

இந்தியாவில் 1904இல் சென்னையில் தொடங்கிய சிமெண்டு முயற்சி நிலைபெறவில்லை. 1914இல் போர்பந்தரில் தொடங்கியதே வேரூன்றியது. நம் பகுதியில் கல்லும் களிமண்ணும் உண்டு, ஊட்டத்தூர்ப் பக்கத்துக் களிமண்ணில் ஜிப்சமும் உண்டு, நிலக்கரியோ இல்லை. அதனைத் தொலைவிலிருந்து கொணரவும், சிமெண்டை வெளியூர்க்கு அனுப்பவும் இரயில் வேண்டும். 1920களின் இறுதியில் விழுப்புரத்திலிருந்து அரியலூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குக் குறுக்குப் பாதை அமைந்தது. அதன்பின், 1939இல், அப்பாதையை ஒட்டிய கல்லக்குடியில் டால்மியா தொழிற்சாலை எழுந்தது. கல் முன்னமே இருந்தது. அறிக்கை 1862இல் வந்தது. பாதையும் முதலும் துணிவும் சேர்ந்தபோதே புகைபோக்கி எழுந்தது என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். பின்னர் 1979இல் அரசாங்கத்தாரின் தமிழ்நாடு சிமெண்டுத் தொழிற்சாலை அரியலூரில் அமைந்தது. தனியார் ஆலைகளும் பல தொடர்ந்தன.

இது நிற்க. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தொடங்கிய விலைக் கட்டுப்பாடு இடையிடையே தளர்ந்தும் இறுகியும் நெடுங்காலம் நீடித்தது. வீடு கட்டுவோர் பெர்மிட்டுக்காகத் தாலுகா ஆபீசில் காத்து நின்றதை நம் பெரியோர் மறந்திரார். விற்பனை நிச்சயம்; விலையும் நிச்சயம்; ஆகவே முறையைத் திருத்த ஆலைக்காரருக்குத் தூண்டுதல் குறைவு. கல்லைத் தண்ணீருடன் அரைத்துக் குழம்பாக்கிச் சுடும் ஈரமுறைக்கு நிலக்கரி மிகுதியாய்ச் செலவாகும். 1960ஆம் ஆண்டளவில் இந்தியச் சிமெண்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அம்முறையிலேயே ஆயிற்று. கட்டுப்பாடு 1982இல் ஒரு பகுதியும், 1989இல் முழுமையும் நீங்கவே போட்டி மூண்டது. சூளையின் வெப்பக் காற்றைக் கொண்டே கல்மாவை முன்னரே சூடாக்கும் உலர்முறை நாடெங்கும் பரவிற்று. இன்று ஈரமுறை பெரும்பாலும் மறைந்தது. சிமெண்டு உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவினது.

ஆயினும் கட்டுப்பாடு நீங்கினாற் போதும், யாவும் நலமாகும் என்று கொள்ளற்க. தூசியும், லாரிகளால் உண்டாகும் விபத்தும், வெட்டிக் கைவிட்ட பள்ளங்களும் சந்தையினால் தாமே தீர்வனவல்ல. அவற்றுக்குச் சட்டமும், சட்டத்தைக் கேட்டுப் பெறும் குடிமக்களும் வேண்டும்.

கணக்குச் சொல்வது

ராபர்ட் சோலோ என்னும் அமெரிக்க அறிஞர் 1957இல் ஒரு கணக்கு வெளியிட்டார். 1909 முதல் 1949 வரை அமெரிக்காவில் ஒரு மணி நேர உழைப்பின் பயன் ஏறக்குறைய இரட்டித்தது. அவ்வேற்றத்தில் எட்டில் ஒரு பங்கே முதல் பெருகியதால் வந்தது. எஞ்சிய ஏழு பங்கும் தொழில்முறை சீர்பட்டதால் வந்தது என அவர் கண்டார். ‘தொழில்முறை’ என்ற அச்சொல்லுள் கல்வி, பழக்கம், ஒழுங்கு யாவும் அடங்கும்.

நமக்குரிய பாடம்

இக்கணக்கை நம் வீட்டு வாயிலில் வைத்துப் பார்ப்போம். கல்நிலம் விற்றோர்க்குப் பணம் ஒருமுறையே வரும். அது கலியாணத்திலும் கட்டடத்திலும் கரைந்து, வித்தை ஒன்றும் எஞ்சாவிடின், நிலமிழந்த வீட்டுப் பிள்ளை தன் பாட்டன் உழுத வயலின் வாயிலில் காவற்காரனாக நிற்க நேரும். இந்நாளைய சூளையை நடத்தச் சிலரே போதும். அச்சிலர் இரசாயனம் கற்றவர், மின்சார வேலை அறிந்தவர், கருவிகளின் அளவைப் படித்தறிபவர். அவர்கள் வெளியூரிலிருந்தே வரவேண்டுமா?

சிமெண்டு ஒன்றே என்றும் நிலைக்குமென எண்ணுதலும் தவறு. வெட்டிய கல் மீண்டும் முளையாது. நாரணமங்கலத்தில் டயர் ஆலையும், எறையூரில் காலணி ஆலையும் வந்துவிட்டன. இவை மண்ணிற் கிடைக்கும் பொருளை நாடி வந்தனவல்ல. மனிதரின் கைத்திறனை நாடி வந்தன. இனி வருவனவும் அவ்வாறே. பெண்மக்களுக்கும் இவற்றில் இடமுண்டு. அவர்களைப் பத்தாம் வகுப்போடு நிறுத்துவது குடும்பத்தின் முதலில் பாதியைப் புதைத்து வைப்பதாகும்.

ஆதலின் நம் சங்கத்தாரை வேண்டிக்கொள்வது மூன்று. நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கைப் பிள்ளைகளின் தொழிற்கல்விக்கென்று முதலிலேயே ஒதுக்குக. தொழிற்பள்ளியிலும் பாலிடெக்னிக்கிலும் சேரும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சங்க நிதியிலிருந்து உதவுக. ஆலைகளில் பணிபுரியும் நம்மவர் தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாது, மாதம் ஒருநாள் இளைஞர்க்குச் சொல்லிக் கொடுக்க. தகப்பன் மகனுக்கு மட்டும் சொன்ன வித்தை தேய்ந்தது. ஊரார் யாவரும் அறிந்த வித்தை வளர்ந்தது. நம் காலடிச் சுண்ணாம்பின் சரித்திரம் போதிப்பது இதுவே.