பழைய சிடி, டிவிடிகளுக்கு நியாயமான விலை பெறுவது எப்படி? விற்பதற்கு முன் அறிய வேண்டியவை

புதுடெல்லி: வீட்டு அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் சிடி, டிவிடிகளை எடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும் என்பதைக் கணக்கிடுவது எளிது. உறை நீக்கிய ஒரு வட்டின் எடை ஏறத்தாழ 16 கிராம். 200 வட்டுகளைச் சேர்த்தாலும் மூன்றேகால் கிலோவைத் தாண்டாது. பல ஆண்டுகளாகப் பல ஆயிரம் ரூபாய் செலவிட்டுச் சேர்த்த தொகுப்பு, பழைய பேப்பர் கடையின் தராசில் ஒரு வேளைச் சிற்றுண்டிக்கான தொகையாகச் சுருங்கிவிடுகிறது. அந்தக் குவியலுக்குள், ஆர்வலர்கள் தேடி அலையும் பத்து வட்டுகள் கலந்திருந்தால் அவையும் அதே எடையில் போய்விடும்.

இந்த இழப்பைத் தவிர்க்க, எந்த வட்டுக்கு விலை உண்டு, எதற்கு இல்லை, எதை விற்கவே கூடாது என்பதை விற்பவர் முன்கூட்டியே பிரித்தறிய வேண்டியுள்ளது.

அச்சிட்ட விலை ஏன் உதவாது?

பலரும் செய்யும் முதல் தவறு, உறையின் மீது அச்சிடப்பட்டுள்ள விலையில் பாதியையாவது எதிர்பார்ப்பது. இந்தியாவில் அந்த விலை நெடுநாள் முன்பே பொருளிழந்துவிட்டது. 2007இல் மோசர் பேயர் நிறுவனம் திரைப்பட விசிடிகளை 28 ரூபாய்க்கும் டிவிடிகளை 34 ரூபாய்க்கும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கள்ளப் பிரதிகளின் விலைக்கே அசல் பிரதி கிடைக்கத் தொடங்கியதால், அவை பெட்டிக் கடைகள் வரை பரவின. புதிதாகவே 34 ரூபாய்க்கு விற்ற ஒரு வட்டு, பயன்படுத்திய பின் அதைவிடக் கூடுதலாக விலைபோவது அரிது.

பின்னர் அந்தச் சந்தையே சுருங்கியது. மியூசிக் வேர்ல்டு கடைகள் 2013இல் மூடப்பட்டன. மும்பை காலா கோடா பகுதியின் அடையாளமாக விளங்கிய ரிதம் ஹவுஸ் 2016 பிப்ரவரி இறுதியில் விற்பனையை நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தது. செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கி, இணையத் தரவின் விலை சரிந்தது. மோசர் பேயர் நிறுவனமும் 2018இல் கலைப்பு நடவடிக்கைக்கு உள்ளானது. இன்று மடிக்கணினிகளில்கூட வட்டு இயக்கி இருப்பதில்லை. ஆகவே, வட்டில் உள்ள படமோ பாடலோ இணையத்தில் எளிதாகக் கிடைக்குமானால், அந்த வட்டைப் பணம் கொடுத்து வாங்க எவருக்கும் பெரிதாகக் காரணம் இருப்பதில்லை.

முதலில் அசல், நகல் பிரிப்பு

விலையைப் பற்றி யோசிக்கும் முன், குவியலிலிருந்து கள்ளப் பிரதிகளை நீக்கிவிட வேண்டும். இது வெறும் தரப் பிரச்சினை அன்று. பதிப்புரிமையை மீறித் தயாரிக்கப்பட்ட பிரதியை விற்பதும் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மீறலே. தெரிந்தே மீறுவோருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அச்சட்டத்தின் 63ஆவது பிரிவு இடமளிக்கிறது. சென்னை பர்மா பஜார், டெல்லி பாலிகா பஜார் போன்ற இடங்களில் ஒரு காலத்தில் ஆசையாக வாங்கி வைத்தவற்றை இந்தக் கண்ணோட்டத்தில் மறுபடி பார்ப்பது நல்லது.

கண்டறிவது கடினமன்று. தொழிற்சாலையில் அச்சிடப்பட்ட வட்டின் அடிப்பக்கம் பெரும்பாலும் வெள்ளி நிறத்தில் இருக்கும். கணினியில் பதிவு செய்யப்பட்ட வட்டுகளில் சாயப் பூச்சு இருப்பதால் அடிப்பக்கம் ஊதா, நீலம் அல்லது இளம்பச்சைச் சாயலில் தெரியும். நடுத்துளையைச் சுற்றியுள்ள கண்ணாடி போன்ற வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அசல் வட்டில் தயாரிப்பு எண் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். 1994க்குப் பிந்தைய பெரும்பாலான வட்டுகளில், தயாரித்த ஆலையைக் குறிக்கும் ஐஎஃப்பிஐ குறியீடும் நுண்ணெழுத்தில் இருக்கும். வெள்ளி நிறக் கள்ள வட்டுகளும் உண்டு என்பதால் உறையையும் பார்க்க வேண்டும். திரைப்பட வட்டுகளில் தயாரிப்பாளர், பதிப்புரிமையாளர் ஆகியோரின் பெயர், முகவரியோடு தணிக்கைச் சான்றிதழின் நகலும் இடம்பெற வேண்டும் என்று அதே சட்டத்தின் 52ஏ பிரிவு கூறுகிறது. இவை எதுவும் இல்லாத மங்கலான உறையில் ஒரே வட்டில் ஐந்து புதுப்படங்கள் இருந்தால், அதன் கதையை மேலும் ஆராயத் தேவையில்லை.

வீட்டிலேயே பதிவு செய்த வட்டுகளுக்கு வேறொரு கவனம் தேவை. திருமண வீடியோ, குழந்தைகளின் படங்கள், வங்கி ஆவணங்களின் நகல் ஆகியவை அவற்றில் இருக்கக்கூடும். எடைக்குப் போவதாக இருந்தாலும், உள்ளடக்கத்தைப் பார்த்துத் தேவையானதைக் கணினியில் சேமித்த பின், வட்டைத் துணியில் சுற்றி உடைத்துவிடுவதே பாதுகாப்பு.

அசலை மறுவிற்பனை செய்யலாமா?

காசு கொடுத்து வாங்கிய அசல் வட்டை விற்பதில் என்ன சிக்கல் என்று தோன்றலாம். ஆனால் 2012 வரை சட்டத்தின் வாசகம் வேறாக இருந்தது. திரைப்படம், ஒலிப்பதிவு ஆகியவற்றின் பிரதியை விற்கும் உரிமை, அப்பிரதி முன்பே விற்கப்பட்டிருந்தாலும், பதிப்புரிமையாளருக்கே உரியது என்று 14ஆவது பிரிவு கூறியது. அமெரிக்க டிவிடிகளைத் தருவித்துச் சென்னையில் வாடகைக்கு விட்ட ஒரு நூலகத்துக்கு எதிராக வார்னர் பிரதர்ஸ் தொடுத்த வழக்கில், 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வாசகத்தின் அடிப்படையிலேயே நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் "முன்பே விற்கப்பட்டிருந்தாலும்" என்ற பொருள்படும் தொடரை நீக்கியது. எனவே முறையாக வாங்கிய பிரதியை மறுவிற்பனை செய்யத் தடையில்லை என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். வணிக நோக்கில் வாடகைக்கு விடும் உரிமை மட்டும் இன்றும் உரிமையாளரிடமே உள்ளது.

எவற்றைத் தேடி வாங்குகிறார்கள்?

பொதுவான விதி ஒன்றுதான்: வேறெங்கும் கிடைக்காதது விலைபெறும். இலட்சக்கணக்கில் விற்ற வெற்றிப்படப் பாடல் தொகுப்பு எவ்வளவு புகழ்பெற்றதாயினும் பயன்படுத்திய சந்தையில் மலிந்து கிடக்கும். ஏ.ஆர். ரஹ்மானின் 1997ஆம் ஆண்டு ‘வந்தே மாதரம்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அனைவர் வீட்டிலும் இருந்த ஒன்றைத் தேடி வாங்குவோர் குறைவு.

மாறாக, இசைத் தளங்களில் ஏறாத கர்நாடக, இந்துஸ்தானிக் கச்சேரிப் பதிவுகள், மறுபதிப்புக் காணாத வட்டார மொழிப் படங்கள், தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் ‘சினிமாஸ் ஆஃப் இந்தியா’ என்ற பெயரில் வெளியிட்ட மீட்டெடுக்கப்பட்ட படங்கள், பாலடார், என்லைட்டன் போன்ற நிறுவனங்கள் வெளியிட்ட உலகத் திரைப்படங்கள் ஆகியவற்றுக்குத் தனி வாசகர் வட்டம் போன்றதொரு வட்டம் உண்டு. தமிழ்த் தொகுப்புகளில், ஓரியண்டல் நிறுவனம் வெளியிட்ட இளையராஜா இசைச் சிடிகளையும், புலம்பெயர்ந்த தமிழர்களுக்காக லண்டனைச் சேர்ந்த ஐங்கரன் வெளியிட்ட டிவிடிகளையும் எடைக்குப் போடும் முன் ஒருமுறை யோசிக்க வேண்டும். ஒலித்தரத்தில் நாட்டமுள்ளோர், பிற்காலத்தில் ஒலியளவைக் கூட்டி வெளியிட்ட பதிப்புகளைவிட முதற்பதிப்புச் சிடிகளையே விரும்புவதும் உண்டு.

விசிடிகள் பெரும்பாலும் கடைசி வரிசைதான். படத்தரம் குறைவு, ஒரே படம் இரண்டு மூன்று வட்டுகளாகப் பிரிந்திருக்கும். எனினும், டிவிடியாக வெளிவராமல் விசிடியோடு நின்றுவிட்ட பழைய படமாக இருந்தால் அதற்கும் ஆள் உண்டு. வெளிநாட்டு டிவிடிகளில் மண்டலக் குறியீட்டைக் குறிப்பிட மறக்கக் கூடாது. இந்தியா டிவிடிக்கு 5ஆவது மண்டலம். ப்ளூரேவுக்கு ‘சி’ மண்டலம். குறியீட்டைச் சொல்லாமல் விற்ற வட்டு வாங்கியவரின் கருவியில் ஓடாவிட்டால், பணத்தைத் திருப்பித் தர நேரிடும்.

கீறலும் உறையும்

அடிப்பக்கத்துக் கீறலைக் கண்டு பலர் அஞ்சுவர். சிடியில் உண்மையான ஆபத்து மேற்பக்கத்தில் உள்ளது. ஒளியைப் பிரதிபலிக்கும் அலுமினியப் படலம் எழுத்து அச்சிட்ட பக்கத்துக்கு மிக அருகில், மெல்லிய பூச்சின் கீழ் இருப்பதால் அங்கு விழும் கீறல் தகவலையே அழித்துவிடும். டிவிடியில் அப்படலம் இரு பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவே பாதுகாப்பாக உள்ளது. வட்டை விளக்குக்கு நேரே பிடிக்கும்போது ஊசித்துளைகளாக வெளிச்சம் தெரிந்தாலோ, விளிம்பிலிருந்து பழுப்பு நிறம் பரவியிருந்தாலோ அது அரிப்பின் அறிகுறி. அதை மறைத்து விற்பது தகாது. பற்பசை தேய்த்துக் கீறலை நீக்கும் இணைய உத்திகளையும் தவிர்க்கலாம். தேர்ந்த வாங்குபவர் அந்த மங்கலைக் கண்டவுடன் விலையைக் குறைத்துவிடுவார். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்தால் போதும்.

உறை, உள்ளே உள்ள கையேடு, பாடல் வரித் தாள் ஆகியவை வட்டுக்கு நிகரான மதிப்புடையவை. உடைந்த பிளாஸ்டிக் பெட்டியை மாற்றிவிடலாம். தொலைந்த கையேட்டை மாற்ற இயலாது.

விலையைக் கணிப்பது எப்படி?

ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்ற தளங்களில் காணப்படுவது விற்பவர் கேட்கும் விலை. அது மாதக்கணக்கில் விற்காமல் கிடப்பதாகவும் இருக்கலாம். உண்மையில் எவ்வளவுக்குக் கைமாறியது என்பதே அளவுகோல். இசைச் சிடிகளுக்கு டிஸ்காக்ஸ் தளத்தில் ஒவ்வொரு பதிப்பும் கடைசியாக எப்போது விற்றது, குறைந்த, நடுத்தர, உச்ச விலைகள் எவை என்ற விவரம் கிடைக்கிறது. உறையில் உள்ள பட்டியல் எண்ணையும் வளைய எண்ணையும் ஒப்பிட்டுச் சரியான பதிப்பைப் பார்க்க வேண்டும். அத்தளத்தின் விலைகள் பெரும்பாலும் வெளிநாட்டு வாங்குபவர்களைச் சார்ந்தவை என்பதால், உள்ளூரில் அதே தொகையை எதிர்பார்க்க முடியாது.

மொத்தமாக விற்பதா, தனித்தனியாக விற்பதா என்பது அடுத்த கேள்வி. விளக்கத்துக்காக மட்டும் ஒரு கணக்கு: 200 வட்டுகளை ஒருவர் தலா 10 ரூபாய் வீதம் மொத்தமாகக் கேட்டால் 2,000 ரூபாய் வரும். அவற்றில் அரிய 15ஐ மட்டும் பிரித்துத் தலா 250 ரூபாய்க்கு விற்று, மீதி 185ஐத் தலா 5 ரூபாய்க்குக் கொடுத்தால் 4,675 ரூபாய். அதே நேரம் சாதாரண வட்டு ஒவ்வொன்றையும் படமெடுத்து, விளம்பரமிட்டு, அஞ்சலில் அனுப்புவது உழைப்புக்கு ஈடாகாது. அஞ்சல் செலவே வட்டின் விலையை விஞ்சிவிடும். அவற்றை நடிகர், இசையமைப்பாளர் அல்லது மொழி வாரியாகக் கட்டாக விற்பதே நடைமுறைக்கு ஏற்றது.

மும்பை சோர் பஜார் போன்ற சந்தைகளில் உள்ள பழம்பொருள் வியாபாரிகள் இறுதி விலையைவிட வெகுவாகக் குறைத்தே கேட்பார்கள். வாடகை, தேக்கம், விற்காமல் போகும் ஆபத்து ஆகியவற்றை அவர்கள் ஏற்பதால் அதை ஏமாற்று என்று கொள்ள முடியாது. ஆனால் அரியவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட வியாபாரி முற்பட்டால், அவற்றுக்குத் தனி விலை பேச வேண்டும்.

பணம் பெறும்போது எச்சரிக்கை

இணையத்தில் விற்பவர்களைக் குறிவைக்கும் மோசடி ஒன்று பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. ராணுவ வீரர் என்றோ அரசு அலுவலர் என்றோ கூறிக்கொள்ளும் நபர், பேரம் பேசாமல் சொன்ன விலைக்கு ஒப்புக்கொண்டு, பணம் அனுப்புவதாக ஒரு க்யூஆர் குறியீட்டை அனுப்புவார். அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை இட்டால் விற்பவரின் கணக்கிலிருந்தே பணம் போய்விடும். யுபிஐ வழியாகப் பணம் பெற எந்தக் குறியீட்டையும் ஸ்கேன் செய்யவோ ரகசிய எண்ணை இடவோ தேவையில்லை. பணத்தை இழந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

விற்காமல் எஞ்சும் அசல் வட்டுகளை லாப நோக்கற்ற நூலகங்கள், கல்வி நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு வழங்கலாம். அவை முறையாகப் பெற்ற பிரதியை இரவல் தருவதைச் சட்டம் வணிக வாடகையாகக் கருதுவதில்லை. இருப்பினும் வட்டு இயக்கும் கருவி அங்கு உள்ளதா என்று கேட்டறிந்து கொண்டு செல்வது நல்லது.