காற்றுத் துப்பாக்கிக் குறிநோக்கிகள்: வரலாறும் முதல் தேர்வும்

சுடுபவரின் கண், துப்பாக்கியின் குழல், இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்த உதவும் அமைப்பு குறிநோக்கி எனப்படும். சென்னைவாசிகளில் பலர் இதை முதன்முதலில் பார்த்த இடம் மெரினாவிலோ பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையிலோ உள்ள பலூன் கடையாகத்தான் இருக்கும். அங்குள்ள காற்றுத் துப்பாக்கியில் குழலின் முனையில் ஒரு சிறு முளையும், கண்ணுக்கு அருகில் ஒரு வெட்டுப்பள்ளமும் இருக்கும். முளையைப் பள்ளத்தின் நடுவில் கொண்டுவந்து பலூனுக்கு நேராக நிறுத்த வேண்டும். இதுவே திறந்த குறிநோக்கி. பள்ளத்துக்குப் பதிலாகச் சிறு துளையுள்ள தட்டு இருந்தால் அது துளைக் குறிநோக்கி. வீரர்கள் ‘பீப் சைட்’ என்பார்கள். கண்ணாடி வில்லைகள் கொண்டது தொலைநோக்கிக் குறிநோக்கி, அதாவது ‘ஸ்கோப்’. ஒளிப்புள்ளி காட்டும் ‘ரெட் டாட்’ நான்காவது வகை.

பொழுதுபோக்குக்காகவோ விளையாட்டுக்காகவோ துப்பாக்கி வாங்கும் இளைஞர்கள் அடுத்த வாரமே ஸ்கோப் தேடுகிறார்கள். திரைப்படங்களின் தாக்கம் இதில் உண்டு. எந்தக் குறிநோக்கி எதற்காக உருவானது என்று தெரிந்தால் வீண்செலவு குறையும்.

உரிமம் பெற்றவர்களின் பொழுதுபோக்கு

இந்தியாவில் துப்பாக்கி நெடுங்காலம் பொதுமக்களின் விளையாட்டுக் கருவியாக இருக்கவில்லை. லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது வந்த 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், இந்தியர்கள் ஆயுதம் வைத்திருக்க உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. நீலகிரியிலும் ஆனைமலையிலும் வேட்டைக்குச் சென்ற வெள்ளை அதிகாரிகளும், சில அரச குடும்பத்தாரும் ஜமீன்தார்களும் மட்டுமே நல்ல ரைபிள்களைக் கையாண்டனர். 1887 டிசம்பரில் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் காங்கிரசின் மூன்றாவது மாநாடு சென்னையில், ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மக்கீஸ் தோட்டத்தில் நடந்தது. ஆயுதச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று அந்த மாநாடு தீர்மானம் நிறைவேற்றியது. 1931 கராச்சி மாநாட்டின் அடிப்படை உரிமைகள் தீர்மானத்திலும், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இடம்பெற்றது.

விடுதலைக்குப் பின் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. இனப்பாகுபாடு போனது, உரிமம் போகவில்லை. நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டியது காற்றுத் துப்பாக்கி மட்டுமே. இன்று நடைமுறையில் உள்ள 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி, குழல்விட்டம் 4.5 மி.மீ.க்கு மேலோ, குண்டு வெளிவரும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேலோ இருந்தால் காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். பந்தயங்களில் பயன்படும் காற்றுத் துப்பாக்கியின் ஆற்றல் 7, 8 ஜூல் அளவே என்பதால் இந்த வரம்பு விளையாட்டுக்குத் தடையாக இல்லை.

வில்லை வந்த வழி

தொலைநோக்கி 1600களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அதைத் துப்பாக்கியில் பொருத்துவது மட்டும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கைகூடவில்லை. வெடியின் அதிர்ச்சியைத் தாங்கி, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்கும் குழாயைச் செய்வதுதான் சிக்கல். அமெரிக்காவில் ஜான் சாப்மன் 1844இல் எழுதிய நூலில், மார்கன் ஜேம்ஸ் என்ற துப்பாக்கிக் கைவினைஞர் செய்த தொலைநோக்கிக் குறிநோக்கி விவரிக்கப்பட்டுள்ளது. அது ஏறக்குறைய துப்பாக்கிக் குழல் அளவுக்கு நீளமானது. பம்பாய்ப் படையில் பணியாற்றிய டேவிட் டேவிட்சன் என்ற அதிகாரி வடிவமைத்த குட்டையான தொலைநோக்கி, விட்வொர்த் ரைபிளின் இடப்பக்கத்தில் பொருத்தப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையின் குறிசுடுநர்கள் அதைப் பயன்படுத்தினர்.

அடுத்த தடை வெளிச்சம். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துப் பரப்புகளைக் கடந்து வரும்போது மூன்றில் ஒரு பங்கு ஒளி போய்விடும். 1935இல் செய்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த அலெக்சாண்டர் ஸ்மக்குலா, எதிரொளிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சைக் கண்டறிந்தார். இன்று மலிவான ஸ்கோப்பில்கூடத் தெரியும் ஊதா அல்லது பச்சைப் பளபளப்பு அதன் வாரிசு.

ரெட் டாட்டின் கதைக்குத் தமிழ்நாட்டுடன் ஒரு சிறு தொடர்பு உண்டு. கண்ணாடியில் ஒளிக்குறியை எதிரொளிக்கச் செய்யும் குறிநோக்கிக்கு 1900இல் காப்புரிமை பெற்றவர் டப்ளினைச் சேர்ந்த ஹோவர்ட் கிரப். அவர் முதன்மையாக வானியல் தொலைநோக்கிகளைச் செய்தவர். புனேயில் இருந்து 1912இல் கொடைக்கானல் வான் ஆய்வகத்துக்கு வந்த 20 அங்குலத் தொலைநோக்கி அவரது பட்டறையில் உருவானதே. மின்கலத்தில் இயங்கும் ரெட் டாட்டை, சுவீடன் நிறுவனமான எய்ம்பாயின்ட் 1970களின் நடுவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பந்தயத்தில் ஸ்கோப் இல்லை

இந்திய தேசிய ரைபிள் சங்கம் 1951இல் தொடங்கப்பட்டது. மக்களவையின் முதல் சபாநாயகர் ஜி. வி. மாவலங்கர் அதன் நிறுவனத் தலைவர். 10 மீட்டர் காற்று ரைபிள் போட்டி 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அறிமுகமானது. அபினவ் பிந்த்ரா 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்றதும், சென்னையில் பிறந்து ஐதராபாத்தில் வளர்ந்த ககன் நாரங் 2012இல் லண்டனில் 701.1 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றதும் இந்தப் போட்டியில்தான். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் பெற்றதும் இதிலேயே. நடிகர் அஜித் குமார் 2021இல் தமிழ்நாடு மாநிலத் துப்பாக்கிச் சுடும் போட்டியில் பதக்கங்கள் பெற்ற பிறகு சென்னையில் இந்த விளையாட்டைப் பற்றிக் கேட்போர் கூடினர். ஆனால் அவர் சுட்டது பிஸ்டல்.

புதியவர்களுக்குத் தெரியாத செய்தி ஒன்று இருக்கிறது. மேற்சொன்ன ரைபிள் பதக்கங்கள் எதுவும் ஸ்கோப் வழியாகப் பார்த்து வென்றவை அல்ல. பன்னாட்டு விதிகள்படி 10 மீட்டர் காற்று ரைபிளில் தொலைநோக்கிக் குறிநோக்கிக்கு அனுமதி இல்லை. துளைக் குறிநோக்கி மட்டுமே. ஓடும் இலக்கைச் சுடும் போட்டியில் ஸ்கோப் இருந்தது. அந்தப் போட்டி 2004க்குப் பின் ஒலிம்பிக்கில் இல்லை. எனவே மன்றத்தில் சேர்ந்து போட்டியிட விரும்பும் மாணவர் ஸ்கோப்புக்குக் கொடுக்கும் பணம், அந்த நோக்கத்துக்கு முழு நட்டம். நம் நாட்டுப் போட்டிகளில் திறந்த குறிநோக்கிக்கு எனத் தனிப் பிரிவு இருந்துவருவது செலவு செய்ய இயலாதவர்களுக்கு நல்ல நுழைவாயில்.

சிறு துளை எப்படி இவ்வளவு துல்லியம் தருகிறது? பத்தாம் வகுப்பு ஒளியியலே போதும். திறந்த குறிநோக்கியில் கண் மூன்று தூரங்களை ஒரே சமயத்தில் தெளிவாகப் பார்க்க வேண்டும், அது இயலாது. சிறு துளை வழியே பார்க்கும்போது கண்ணுக்குள் செல்லும் ஒளிக்கற்றை குறுகுவதால் அருகிலும் தொலைவிலும் உள்ளவை ஓரளவு ஒன்றாகத் தெளிவடைகின்றன. துளையின் நடுவைக் கண் தானாகவே தேடிக்கொள்கிறது. பத்துப் புள்ளிக்கான இலக்கு வெறும் 0.5 மி.மீ. புள்ளி என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

குறைந்த செலவில் முதல் குறிநோக்கி

போட்டி நோக்கம் இல்லாதவருக்கு, குறிப்பாக வெள்ளெழுத்து வந்தவருக்கு, ஸ்கோப் உண்மையிலேயே உதவும். குறுக்குக் கோடும் இலக்கும் ஒரே தளத்தில் தெரிவதால் பார்வையை மாற்றி மாற்றிக் குவிக்க வேண்டியதில்லை.

இங்கு முதலில் பார்க்க வேண்டியது உருப்பெருக்கத்தை அல்ல, துப்பாக்கியின் வகையை. சுருள்வில் துப்பாக்கி சுடும்போது முதலில் பின்னோக்கியும் உடனே முன்னோக்கியும் உதைக்கும். பெரிய ரைபிள்களுக்குச் செய்த ஸ்கோப்பும் இந்த இரட்டை உதையில் உள்ளே தளர்ந்துபோகலாம். ‘காற்றுத் துப்பாக்கிக்கு ஏற்றது’ என்று குறிப்பிட்டதையே வாங்க வேண்டும். முன்கூட்டியே அழுத்திய காற்றில் இயங்கும் துப்பாக்கிக்கு இந்தக் கவலை குறைவு.

அடுத்தது தூரம். பல ஸ்கோப்புகள் 100 கஜத்துக்குச் சரிசெய்யப்பட்டவை. 10 மீட்டரில் படம் மங்கும். கண் சற்று நகர்ந்தால் குறுக்குக் கோடும் இலக்கின் மீது நகரும். முன்வில்லையைத் திருகி 10 மீட்டருக்குக் கொண்டுவரக்கூடிய அமைப்பு இருக்க வேண்டும். கடைகளில் 3-9×40 என்று எழுதியிருந்தால் 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 40 மி.மீ. என்று பொருள். 40ஐ 9ஆல் வகுத்தால் வரும் 4.4 மி.மீ. கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம். 4×32இல் அது 8 மி.மீ.; தலையைச் சரியாக வைக்காதவருக்கும் படம் மறையாது. குறைந்த பணத்தில் 24 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப்பை விட, நல்ல வில்லையுள்ள நிலையான 4 மடங்கு மேலானது என்பது என் கருத்து. மிச்சப் பணத்தில் உறுதியான ஒற்றைத்துண்டுப் பிடிப்பானும் நல்ல குண்டுகளும் வாங்கலாம். மலிவான பிடிப்பான் நழுவுவதைப் பலர் ஸ்கோப்பின் குறை என்று எண்ணிவிடுகிறார்கள்.

ரெட் டாட் பலூனுக்கும் தகர டப்பாவுக்கும் வேடிக்கையானது. காகித இலக்குக்கு ஒத்துவராது. 3 கலை அளவுள்ள புள்ளி 10 மீட்டரில் சுமார் 8.7 மி.மீ. இடத்தை மறைக்கும், ஒன்பது புள்ளி வளையத்தின் விட்டமே 5.5 மி.மீ. தான்.

எதைப் பொருத்தினாலும் மயிலாப்பூர், தியாகராய நகர் போன்ற நெருக்கமான பகுதிகளில் மொட்டைமாடியில் சுடுவது ஆபத்து. கிளி முதலிய பறவைகளைச் சுடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மன்றத்தின் சுடுதளமே பாதுகாப்பான இடம்.

பொருத்திய பின் சீர்செய்யும்போது ஒரு கணக்கு உதவும். பெரும்பாலான ஸ்கோப்புகளில் ஒரு சொடுக்கு கால் கலைக்குச் சமம். 10 மீட்டரில் அது 0.7 மி.மீ. நகர்வு மட்டுமே. குண்டு 15 மி.மீ. கீழே பட்டால் மேல்நோக்கிச் சுமார் 20 சொடுக்குகள் திருப்ப வேண்டும். இரண்டு மூன்று சொடுக்குகள் திருப்பிவிட்டு ஸ்கோப் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு.