மேகமூட்டத்தில் ஒரு கவுதாரி

போன மார்கழியில் ஒரு காலை. மழை விட்டும் வானம் வெளுக்கவில்லை. பேரன் வாங்கித் தந்த கேமராவுடன் ஊசுடு ஏரிக்கரைக்குப் போனேன். எட்டு மணியாகியும் விடியாத மாதிரிதான் இருந்தது. ஏரி நடுவே நாமக்கோழிகள் கரும்புள்ளிகளாய்த் தெரிந்தன. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் படம் இருட்டாகிறது. குறைத்தால் பறவை அசைந்து கலங்கிவிடுகிறது. ஐஎஸ்ஓவை ஏற்றினால் படமெங்கும் மணல் தூவியதுபோல் புள்ளிகள்.

திரும்பும்போது முட்புதர் ஓரத்தில் ஒரு கவுதாரி. நான்கு படம் எடுப்பதற்குள் புதருக்குள் ஓடி மறைந்துவிட்டது.

இந்தக் கவுதாரிக்கும் நம் ஊருக்கும் பழைய உறவு உண்டு. லியோன் நகரத்தில் 1748இல் பிறந்த பியேர் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் 1770களில் இந்தப் பக்கம் வந்து, கண்ட பறவைகளை வரைந்தும் எழுதியும் வைத்தார். அவருடைய பயண நூல் 1782இல் பாரிஸில் வெளிவந்தது. கேமரா இல்லாத காலம். அவர் வரைந்தவற்றைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார்கள். இந்தியாவுக்கே வராத ஜெர்மானியர் மெலின், அவர் முதலானோர் எழுதியதை வைத்து 1789இல் கவுதாரிக்கு லத்தீன் பெயர் சூட்டினார். அந்தப் பெயரின் பின்பாதி ‘போண்டிசெரியானஸ்’. புதுச்சேரிக்காரன் என்றுதான் அர்த்தம்!

பிரெஞ்சு வழியில் படித்த நான், ‘பெர்திரி’ என்ற சொல்லைச் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தவன். அது ஏதோ சீமைப் பறவை என்றே நினைத்திருந்தேன். எங்கள் வேலியோரம் கத்தும் கவுதாரியின் இனம்தான் அது என்று வகுப்பில் யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அது தெரியவே எழுபது வயதாயிற்று.

அதே சொன்னரா செஞ்சிக் கழுகு ஒன்றையும் பற்றி எழுதினார். 1790இல் இங்கிலாந்தின் லேதம் அதற்கு ‘ஜிஞ்சினியானஸ்’ என்று செஞ்சியின் பெயரையே வைத்தார். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் பிரசாதம் உண்ண வந்த கழுகுகள் அந்த இனம்தான். நம் வயதுக்காரர்கள் பலர் மலையேறிக் காத்திருந்து பார்த்திருப்பீர்கள். 1990களில் அவை வருவது நின்றுபோயிற்று. அன்று நான் கும்பிட்டேனே தவிர, ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை.

கவுதாரியைப் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் புதரையே வெட்டி மனை போட்டால் அது எங்கே போகும்?

படங்களைப் பார்த்த பேரன், “தாத்தா, எல்லாம் மங்கல். அழிச்சிடலாமா?” என்றான்.

“மூணை அழிச்சிடுப்பா. ஒண்ணு இருக்கட்டும்” என்றேன்.

கூர்ந்து பார்த்தால் கழுத்தில் கறுப்புக் கோடு தெரிகிறது. நம் ஊர்ப்பெயர் கொண்டவன் நம் ஏரிக்கரையில் இருந்தான் என்பதற்கு அது போதும்.