போல்ட் முனையில் ஓர் எண்

லீ-என்ஃபீல்டு நம்பர் 4 ரைஃபிளின் போல்ட் முனையில் ஒரு சின்ன எண் பொறித்திருக்கும். 0, 1, 2 அல்லது 3. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகள் சுமந்த துப்பாக்கி இது. அதன் பராமரிப்புத் தத்துவம் மொத்தமும் அந்த எண்ணில் இருக்கு.

.303 தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு உண்டு. அது உட்கார 0.064 முதல் 0.074 அங்குலம் வரை இடம் இருக்கலாம். சுடச்சுட, போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் புடைப்புகள் தேயும், இடைவெளி கூடும். அளவு மீறினால் பித்தளைக் கூடு கிழிந்து, சூடான வாயு சுடுபவர் முகத்துக்கே திரும்பலாம்.

ஜெர்மன் மவுசரில் போல்ட் ஒரே துண்டு. லீ-என்ஃபீல்டில் முனையை மட்டும் திருகிக் கழற்றலாம். எண் கூடக்கூட முனை ஒரு மயிரிழை நீளம். படையின் ஆயுதப் பழுதுபார்ப்பாளர் அளவுக்கட்டையைச் செருகிப் பார்ப்பார்; மூடக்கூடாத இடத்தில் போல்ட் மூடிக்கொண்டால் அடுத்த எண்ணை மாட்டுவார். இங்கிலாந்து, கனடா, அமெரிக்கா என்று பல இடங்களில் செய்ததால், ஓர் ஆலையின் 1 இன்னோர் ஆலையின் 2-ஐவிட நீளமாக இருப்பதும் உண்டு. வெர்ஷன் நம்பரை மட்டும் நம்பி ராத்திரி முழுக்க உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். மாட்டித்தான் பார்க்கணும்.

போல்ட்டின் உடல் அப்படியில்லை. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனியாகப் பொருத்தி, அதே வரிசை எண்ணைப் பொறிப்பார்கள். மாற்ற முடியாததை ஒப்புக்கொண்டு, தேய்மானத்தை ஒரு மலிவான துண்டால் ஈடுகட்டியது எனக்குப் பெரிய சிந்தனையாகப் படுகிறது.

குழலுக்கு அந்த வசதி இல்லை. கயிற்றில் துணி கட்டி இழுத்துத்தான் அதைச் சுத்தம் செய்தார்கள். கயிறு கோணலாக வந்தால் குழல்வாயையே அறுத்துவிடும். நன்றாகப் பராமரித்ததாலேயே குறி தவறிய துப்பாக்கிகளும் இருந்தன!

1947-இல் தொடங்கிய கனடியன் ரேஞ்சர்ஸ், ஆர்க்டிக் குளிரில் பல பத்தாண்டுகள் இதையே சுமந்தார்கள். துப்பாக்கி கைவிடவில்லை, உதிரிபாகம்தான் கிடைக்காமல் போனது. 2010-களின் பிற்பாதியில், ஃபின்லாந்தின் சாகோ வடிவமைத்த சி19 வந்தது. பழையதை ரேஞ்சர்களே வைத்துக்கொள்ளலாம் என்றது ராணுவம். வேட்டைக்கு ஆகும். தேய்ந்தால் போல்ட் முனையை அவங்களேதான் தேடிக்கணும்.