டொலமைட் மலைகளில் மின்மிதிவண்டிச் சுற்றுலா

டொலமைட் மலைகளில் மின்மிதிவண்டிச் சுற்றுலா என்பது, இத்தாலியின் வடகிழக்கில் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் பகுதியாக அமைந்துள்ள டொலமைட் மலைகளில், பயிற்சி பெற்ற வழிகாட்டியின் துணையுடன் மின்மிதிவண்டியில் மேற்கொள்ளப்படும் பயணம் ஆகும். முன்னர் நல்ல உடல்வலுவும் நீண்டகாலப் பயிற்சியும் உடையவர்களே மிதிவண்டியில் ஏறிய கணவாய்களுக்கும் மேட்டுப் புல்வெளிகளுக்கும் முதியவர்களும் புதியவர்களும் செல்ல இது வழிசெய்துள்ளது. மின்னோடி (மோட்டார்) ஏற்றத்தின் உழைப்பைக் குறைக்கிறது. இறக்கத்தில் வண்டியைக் கட்டுப்படுத்தும் திறனை அது தருவதில்லை. இவ்வேறுபாடே வழிகாட்டியின் தேவைக்கும், பாதைகளைத் திறன்வாரியாகப் பிரிப்பதற்கும் அடிப்படையாகும்.

நிலப்பகுதி

டொலமைட் மலைகள் கால்சியம் மக்னீசியம் கார்பனேட்டால் ஆன டொலமைட் பாறையால் பெயர்பெற்றவை. இப்பாறைக்கு, அதை ஆராய்ந்த பிரெஞ்சு நிலவியலாளர் தியோதா டி டொலோமியுவின் (1750–1801) பெயர் இடப்பட்டது. இங்குள்ள மிக உயர்ந்த சிகரம் 3,343 மீட்டர் உயரமுள்ள மார்மொலாடா ஆகும். வெளிறிய பாறைச் சுவர்கள் கதிரவன் எழும்போதும் மறையும்போதும் செந்நிறம் கொள்வது இம்மலைகளின் புகழ்பெற்ற காட்சி. 2009ஆம் ஆண்டில் இம்மலைகளின் ஒன்பது தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

செங்குத்தான பாறைகளுக்கு இடையே அகன்ற புல்வெளிகளும், மேய்ச்சல் பாதைகளும், முதல் உலகப் போரின்போது படையினர் அமைத்த பாதைகளும் உள்ளன. 1915 முதல் 1917 வரை இத்தாலியப் படைகளும் ஆஸ்திரிய-அங்கேரியப் படைகளும் இம்மலைகளில் எதிரெதிரே நின்று போரிட்டன. இன்று மிதிவண்டிகள் செல்லும் பாதைகளில் சில அக்காலத்தில் படைப்பொருள்களை ஏற்றிச்செல்ல வெட்டப்பட்டவை.

இப்பகுதியில் இத்தாலியம், செருமன், லதீன் ஆகிய மொழிகள் பேசப்படுகின்றன. ஆகவே ஓர் ஊருக்கோ சிகரத்துக்கோ இரண்டு அல்லது மூன்று பெயர்கள் இருப்பது வழக்கம். எடுத்துக்காட்டாக, டோபியாக்கோ என்னும் ஊரே செருமன் மொழியில் டோப்லாக் எனப்படுகிறது. வழிப்பலகைகளைப் படிக்கும் புதியவருக்கு இது குழப்பம் தரக்கூடும்.

மின்மிதிவண்டி

மிதிவண்டியில் மின்னோடி பொருத்தும் எண்ணம் பழையது. ஆக்டன் போல்டன் என்னும் அமெரிக்கர் 1895ஆம் ஆண்டில் இதற்கான காப்புரிமையைப் பெற்றார். மிதிக்கும் விசையை உணர்ந்து அதற்கேற்ப உதவும் மிதிவண்டியை ஜப்பானின் யமாகா நிறுவனம் 1993இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மிதிகட்டைகளுக்கு நடுவே, சட்டத்தின் அடியில் மின்னோடி பொருத்தப்பட்ட மலை மிதிவண்டிகள் 2010களில் ஐரோப்பாவில் பரவின. எடை நடுவில் தாழ்வாக அமைவதாலும், மின்னோடியின் விசை பற்சக்கரங்களின் வழியே செல்வதாலும் இவ்வமைப்பு மலைப்பாதைக்கு ஏற்றதாயிற்று.

ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, பின்வரும் இயல்புகளை உடைய மின்மிதிவண்டி சாதாரண மிதிவண்டியாகவே கருதப்படுகிறது. அதை ஓட்ட உரிமம் தேவையில்லை.

* மின்னோடியின் தொடர்ச்சியான வரையறுத்த திறன் 250 வாட்டுக்கு மிகாமல் இருத்தல்
* ஓட்டுநர் மிதிக்கும்போது மட்டுமே மின்னோடி உதவுதல்
* மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது உதவி நின்றுவிடுதல்

இந்த உதவியின் அளவை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ஓட்டுநர், வண்டி, பை ஆகியவற்றின் மொத்த எடை 100 கிலோகிராம் எனக் கொள்வோம். பயிற்சியற்ற ஒருவர் தொடர்ந்து 100 வாட் திறனுடன் மிதித்தால், இழப்புகள் போக, ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 300 மீட்டர் உயரம் ஏறலாம். அத்துடன் மின்னோடியின் 250 வாட் சேரும்போது அதே ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற இயலும். நன்கு பயின்ற போட்டியாளர் ஒருவரின் ஏறும் வேகத்துக்கு இது நெருங்கியது. அதனாலேயே உடல்வலுவில் மிகவும் வேறுபட்ட கணவனும் மனைவியும், பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும், ஒரே குழுவில் இணைந்து செல்ல முடிகிறது. வலுவுள்ளவர் உதவியைக் குறைத்தும் வலுக்குறைந்தவர் கூட்டியும் வைத்துக்கொள்வர்.

வழிகாட்டியின் பணி

இத்தாலியில் மிதிவண்டி வழிகாட்டிகளுக்கான பயிற்சியையும் தகுதிச் சான்றையும் இத்தாலிய மிதிவண்டிக் கூட்டமைப்பு உள்ளிட்ட அமைப்புகள் வழங்குகின்றன. வழிகாட்டி வழி தெரிந்தவராக இருப்பது மட்டும் போதாது. பயணத்திற்கு முன்னும் பயணத்தின்போதும் அவர் செய்யும் பணிகள் பல.

* ஒவ்வொருவரின் உயரத்துக்கும் ஏற்ப வண்டியின் அளவையும் இருக்கையின் உயரத்தையும் சரிசெய்தல்
* பிரேக், டயர்க் காற்று, மின்கலம் ஆகியவற்றைச் சோதித்தல்
* சமதளத்தில் சிறு பயிற்சிகள் தந்து ஒவ்வொருவரின் உண்மையான திறனை அறிதல்
* அன்றைய வானிலைக்கும் குழுவின் திறனுக்கும் ஏற்பப் பாதையைத் தெரிவு செய்தல்
* ஏற்றத்தில் உதவி நிலையை மாற்றச் சொல்லி மின்கலத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தச் செய்தல்
* பழுது நீக்குதல், முதலுதவி அளித்தல், தேவைப்பட்டால் 112 என்னும் அவசர எண்ணில் மீட்புக் குழுவை அழைத்தல்

சமதளப் பயிற்சியின்போது பிரேக் பிடித்தல், மெதுவாக வளைதல், சரிவில் நின்று மீண்டும் புறப்படுதல் ஆகியவை பார்க்கப்படும். மின்மிதிவண்டிக்குப் புதியவர் செங்குத்தான ஏற்றத்தில் உயர் உதவி நிலையில் திடீரென மிதித்தால் முன்சக்கரம் தரையை விட்டு எழக்கூடும். இதைத் தவிர்க்க உடலை முன்னே சாய்த்து மென்மையாக மிதிக்கக் கற்பிப்பர்.

திறன் நிலைகளும் பாதை வகைப்பாடும்

1863இல் நிறுவப்பட்ட இத்தாலிய ஆல்ப்ஸ் மன்றம் மிதிவண்டிப் பாதைகளை ஐந்து தரங்களாக வகுத்துள்ளது. சீரான பாதையில் செல்லும் சுற்றுலாப் பயணி, நடுத்தரத் திறனாளர், நல்ல திறனாளர், மிகச் சிறந்த திறனாளர் ஆகியோருக்கு உரியவை முதல் நான்கு. மிகக் கடினமானது ஐந்தாவது. ஒரு பாதைக்கு ஏற்றத்திற்கு ஒன்றும் இறக்கத்திற்கு ஒன்றுமாக இரண்டு தரங்கள் குறிக்கப்படுவது இவ்வகைப்பாட்டின் சிறப்பு. ஆகவே ஏற்றம் நடுத்தரமாகவும் இறக்கம் கடினமாகவும் உள்ள பாதையைக் குறிப்பைப் பார்த்தே இனங்காணலாம். ஏற்றத்தை மின்னோடி எளிதாக்குவதால், மின்மிதிவண்டிப் பயணி முதலில் பார்க்க வேண்டியது இரண்டாவது குறியே ஆகும்.

ஒற்றையடிப் பாதைகளுக்கு, செருமன் மொழி பேசும் நாடுகளில் தோன்றிய எஸ் 0 முதல் எஸ் 5 வரையான அளவுகோலும் பயன்படுகிறது. எஸ் 0 தடையற்ற மென்மையான பாதை. எஸ் 1இல் சிறு வேர்களும் கற்களும் இருக்கும். எஸ் 2இல் படிகளும் இறுகிய வளைவுகளும் தொடங்கும். அதற்கு மேற்பட்டவை புதியவருக்கு உரியவை அல்ல.

சுற்றுப்பாதைகள்

டோபியாக்கோ – கொர்ட்டினா: இது தொடக்க நிலையினருக்கு ஏற்றது. டோபியாக்கோவிலிருந்து கொர்ட்டினா டாம்பெட்சோ வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை, 1964இல் முற்றாக மூடப்பட்ட டொலமைட் தொடர்வண்டிப் பாதையின் தடத்தில் அமைந்துள்ளது. தொடர்வண்டிக்காகச் சமன்செய்யப்பட்ட தடம் என்பதால் ஏற்றமும் இறக்கமும் மிக மென்மையானவை. பாதையின் உச்சி ஏறத்தாழ 1,530 மீட்டர் உயரத்தில் உள்ள சிமாபாங்கே. டோபியாக்கோ ஏரியும் லாண்ட்ரோ ஏரியும் வழியில் உள்ளன. லாண்ட்ரோ அருகே ஒரு பக்கப் பள்ளத்தாக்கின் வழியே, 2,999 மீட்டர் உயரமுள்ள மூன்று சிகரங்களின் வடமுகத்தைக் காணலாம்.

செயிசர் ஆல்ம்: இது நடுத்தரத் திறனாளருக்கு ஏற்றது. இத்தாலிய மொழியில் அல்பே டி சியூசி எனப்படும் இது ஏறத்தாழ 56 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. ஐரோப்பாவின் மிகப் பெரிய உயர்மலைப் புல்வெளியாகக் கருதப்படுகிறது. ஏறத்தாழ 1,680 மீட்டர் முதல் 2,350 மீட்டர் வரையான உயரத்தில் அமைந்துள்ளது. சரளைக்கல் பாதைகளில் ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வரும். 3,181 மீட்டர் உயரமுள்ள லாங்கோஃபெல் சிகரம் பயணம் முழுவதும் கண்ணில் படும்.

செல்லா சுற்று: இது பயிற்சி உள்ளவர்களுக்கு உரியது. செல்லா மலைத்தொகுதியைச் சுற்றி கம்போலோங்கோ (1,875 மீ), போர்டோய் (2,239 மீ), செல்லா, கர்தேனா (2,121 மீ) ஆகிய நான்கு கணவாய்கள் உள்ளன. சாலைவழியே சுற்றின் நீளம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் ஏறத்தாழ 1,700 மீட்டர். மலைப்பாதை வழியே செல்வோர் கம்பிவட ஊர்திகளில் வண்டியை ஏற்றிச் சில ஏற்றங்களைக் கடப்பர். கோர்வாரா, அராப்பா, கனத்செய், செல்வா ஆகிய ஊர்களில் எங்கிருந்தும் தொடங்கலாம்.

இறக்கமும் பாதுகாப்பும்

இவ்வகைப் பயணத்தில் தனிக் கவனம் தேவைப்படும் பகுதி இறக்கமாகும். மின்னோடி இல்லாதபோது, ஒருவரின் உடல்வலுவே அவரைக் கடினமான இடங்களுக்குச் செல்லாமல் தடுத்து வந்தது. உச்சியை அடையும் அளவுக்குப் பயின்றவர் பெரும்பாலும் இறங்கவும் பயின்றிருந்தார். மின்மிதிவண்டி இந்த இயற்கையான தடையை நீக்கிவிட்டது. முதல்முறை ஏறுபவரும் காலையிலேயே 2,000 மீட்டருக்கு மேல் நிற்கக்கூடும். அங்கிருந்து கீழிறங்கும் திறன் அவரிடம் இல்லாதிருக்கலாம்.

மின் மலைமிதிவண்டிகள் பெரும்பாலும் 20 முதல் 25 கிலோகிராம் எடையுள்ளவை. இது சாதாரண மலை மிதிவண்டியை விட ஏறத்தாழ 10 கிலோகிராம் அதிகம். இறங்கும்போது எடையின் ஆற்றல் பெரும்பாலும் பிரேக்கில் வெப்பமாகிறது. இடைவிடாது பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கக்கூடும். எனவே, வளைவுக்கு முன்பே இரு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டு இறங்குமாறு வழிகாட்டிகள் கற்பிக்கின்றனர்.

இந்தியாவிலும் பிரித்தானியாவிலும் வலக்கைப் பிரேக் முன்சக்கரத்துக்கு உரியது. ஐரோப்பியக் கண்டத்தின் வாடகை மிதிவண்டிகளில் பெரும்பாலும் இடக்கைப் பிரேக்கே முன்சக்கரத்துக்கு உரியதாக இருக்கும். பழக்கத்தால் தவறான பிரேக்கைத் திடீரென இழுத்தால் ஓட்டுநர் முன்னே தூக்கி எறியப்படலாம். ஆகவே புறப்படும் முன் இதைச் சோதித்துப் பார்ப்பது இன்றியமையாதது.

பருவமும் வானிலையும்

உயர்ந்த பாதைகளில் சூன் முதல் அக்டோபர் தொடக்கம் வரை பயணம் செய்யலாம். கோடைப் பிற்பகல்களில் இடியுடன் கூடிய மழை அடிக்கடி பெய்யும். இதனால் குழுக்கள் காலையில் புறப்பட்டு, பிற்பகல் தொடங்கும் முன் உயர்ந்த இடங்களைக் கடந்துவிட முயல்கின்றன. 2018 அக்டோபரில் வீசிய வாயா புயல் இப்பகுதியின் காடுகளைப் பெருமளவில் சாய்த்தது. 2022 சூலை 3 அன்று மார்மொலாடா பனியாற்றின் ஒரு பகுதி சரிந்து 11 பேர் இறந்தனர். இத்தகைய நிகழ்வுகளுக்குப் பின் பாதைகள் மூடப்படுவதும் மாற்றப்படுவதும் உண்டு. பழைய வரைபடத்தை மட்டும் நம்பிச் செல்வது ஏற்றதன்று.

மின்கலம்

மலைப் பயணத்திற்கு 500 முதல் 750 வாட்-மணி கொள்ளளவுள்ள இலித்தியம் அயனி மின்கலங்கள் பெரிதும் பயன்படுகின்றன. 100 கிலோகிராம் எடையை 1,700 மீட்டர் உயர்த்தவே 460 வாட்-மணிக்கு மேல் ஆற்றல் தேவை. மின்னோடியின் இழப்பு, டயர் உராய்வு, காற்றுத்தடை ஆகியவை இதற்கு மேல். ஆகவே 500 வாட்-மணி மின்கலத்தைக் கொண்டு செல்லா சுற்றை முடிக்க வேண்டுமானால், ஓட்டுநரும் தம் பங்குக்கு உழைத்தே ஆகவேண்டும். மலைக்குடில்கள் பலவற்றில் உணவு வேளையில் மின்னேற்றம் செய்துகொள்ளலாம்.

பயணிகள் வானூர்திகளில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட இலித்தியம் மின்கலங்களைக் கொண்டுசெல்ல அனுமதியில்லை. எனவே வெளிநாட்டுப் பயணிகள் தம் மின்மிதிவண்டியை மின்கலத்துடன் கொண்டுவர இயலாது. உள்ளூரில் வாடகைக்கு எடுப்பதே வழி.

சூழலும் விவாதங்களும்

கணவாய்ச் சாலைகளில் தானுந்து நெரிசலும் இரைச்சலும் நெடுங்காலச் சிக்கலாக உள்ளன. செயிசர் ஆல்முக்குச் செல்லும் சாலை பகல் வேளையில் தனியார் தானுந்துகளுக்கு மூடப்படுகிறது. செல்லா கணவாய்ச் சாலைகள் ஆண்டில் குறிப்பிட்ட நாள்களில் சில மணி நேரம் மிதிவண்டிகளுக்கு மட்டும் திறந்துவிடப்படுகின்றன. தானுந்தை விட்டு மின்மிதிவண்டிக்கு மாறுவோர் பெருகினால் இந்நெரிசல் குறையும் என்பது ஆதரவாளர் கருத்து.

மறுபுறம், முன்னர் அமைதியாக இருந்த உயர்ந்த பாதைகளுக்கும் கூட்டம் வந்துசேர்வதாகவும், நடப்போருக்கு இடையூறு ஏற்படுவதாகவும், ஈரமான பாதைகளில் மண் அரிக்கப்படுவதாகவும், காட்டுயிர்கள் கலைவதாகவும் எதிர்ப்பாளர் கூறுகின்றனர். இயற்கைப் பூங்காக்களில் பல பாதைகள் மிதிவண்டிகளுக்குத் தடைசெய்யப்பட்டுள்ளன. அனுமதிக்கப்பட்ட பாதையை விட்டு விலகாமை, நடப்போருக்கு வழிவிடுதல், சக்கரத்தை இறுக்கி இழுத்துச் சறுக்காமை ஆகியவை குழுக்கள் பின்பற்ற வேண்டிய பொது நெறிகளாகும். ஒரு பாதை தொடர்ந்து மிதிவண்டிகளுக்குத் திறந்திருப்பதில் இந்நெறிகள் எவ்வளவு கடைப்பிடிக்கப்படுகின்றன என்பதற்கும் பங்குண்டு.