துருவும் சாயமும்: சொர்ணமுகிக் கரையிலிருந்து ஒரு வேதியியல் வரலாறு

நீரில் கலந்த கரிம மாசுகளை இரும்பின் துணையால் சிதைக்கும் முறை பற்றிய ஆய்வேடுகள் பெரும்பாலும் 1894இல், கேம்பிரிட்ஜில் தொடங்குகின்றன. முறைக்குப் பெயர் தந்தவர் அங்கே பணியாற்றியவர் என்பதால் அது இயல்பே. ஆயினும் இரும்பு கரிமப் பொருளை அரித்துத் தின்னும் என்பதற்கான சான்று, அதற்கு முன்பே சோழமண்டலக் கரையின் துணிகளில் பதிவாகிவிட்டது. அச்சான்றை எப்படி வாசிக்க வேண்டும், எப்படி வாசிக்கலாகாது என்பதே இப்பதிவின் பொருள்.

சந்திரகிரியை ஒட்டி ஓடும் சொர்ணமுகி ஆறு, திருப்பதிப் பகுதியைக் கடந்து திருக்காளத்தியை அடைகிறது. காளத்தி, எழுதுகோலால் துணியில் சித்திரம் தீட்டும் கலம்காரிக்குப் பெயர்பெற்ற ஊர். இக்கரையின் வரலாற்றில் துணிக்குரிய இடம் பெரிது. 1639இல் கிழக்கிந்தியக் கும்பனிக்குச் சென்னையில் நிலம் அளித்த தாமர்ல நாயக்கர், சந்திரகிரி அரசுக்குக் கீழ்ப்பட்டவர். பிரான்சிஸ் டே அந்நிலத்தை நாடியதற்கு முதன்மைக் காரணம் துணி வாணிகமே.

கலம்காரியின் கறுப்புக்கு அடிப்படை இரும்பு. துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லம் கரைத்த நீரில் இட்டுப் பல நாள் ஊறவைப்பர். வெல்லம் புளித்து அமிலமாகி, இரும்பைக் கரைக்கும். தெலுங்கில் ‘கசிமி’ எனப்படும் இக்கரைசலைக் கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில் தீட்டினால், கடுக்காயின் டானினோடு இரும்பு பிணைந்து கறுக்கும். இங்கே கனிமவியல் சார்ந்த ஒன்றையும் கருதவேண்டும். துரு என்பது வெறும் அழுக்கன்று. கோதைட், மேக்னடைட் முதலாக நிலத்தில் இயற்கையாகக் கிடைக்கும் அதே இரும்புக் கனிமங்கள் துருவிலும் உருவாகின்றன.

ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் உள்ள 17, 18ஆம் நூற்றாண்டுச் சோழமண்டலத் துணிகளில் ஒரு விந்தையைக் காணலாம். சாயவேரின் சிவப்பு உறுதியாக நிற்கும் துணியிலும், கறுப்புக் கோடு ஓடிய இடத்தில் மட்டும் நூல் இற்று உதிர்ந்திருக்கும். இதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, அமிலம் பருத்தியின் செல்லுலோஸை அறுப்பது. மற்றொன்று, இரும்பு வினையூக்கியாக நின்று அதை ஆக்சிஜனேற்றம் செய்வது. டானினோடு முழுமையாகப் பிணையாது எஞ்சும் இரும்பு, ஃபெரஸ் நிலைக்கும் ஃபெரிக் நிலைக்கும் இடையே மாறி மாறிச் சென்று, காற்றின் ஆக்சிஜனைத் துணைகொண்டு இழையைத் தாக்குகிறது. பழைய ஐரோப்பியக் கையெழுத்துப் படிகளில் இரும்பு மை எழுத்துகள் தாளைத் துளைத்திருப்பதும் இதே வினையால்தான்.

இவ்வினையின் விளக்கம் வேறொரு வழியாக வந்தது. 1876இல் கேம்பிரிட்ஜ் மாணவராயிருந்த ஹென்றி ஃபென்டன், டார்டாரிக் அமிலத்தோடு ஃபெரஸ் உப்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்துப் பின் காரம் இட்டபோது ஊதா நிறம் தோன்றுவதைக் குறித்தார். டார்டாரிக் அமிலம் நம் சமையலறைப் புளியில் மிகுந்திருப்பது. அவரது விரிவான கட்டுரை 1894இல் வந்தது. இரும்பு பெராக்சைடை உடைத்து ‘ஹைட்ராக்சில் தனியுறுப்பு’ என்னும் மிகு வீரியமுள்ள துகளை உண்டாக்குகிறது என்னும் கருத்தை, ஃபிரிட்ஸ் ஹேபரும் ஜோசப் வைசும் எழுதிய கட்டுரை 1934இல், ஹேபர் மறைந்த பின், முன்வைத்தது. எதிர்ப்படும் கரிம மூலக்கூறு எதுவாயினும் அத்துகள் தாக்கும்.

இதற்கிடையே சாயத்தின் வரலாறு திசைமாறிவிட்டது. 1856இல் பெர்கின் செயற்கை ஊதாவைக் கண்டார். சாயவேரின் சிவப்புக்கு மூலமான அலிசரினையே 1869இல் ஆய்வகத்தில் உருவாக்கினர். பின்வந்த செயற்கைச் சாயங்கள் வெயிலுக்கும் சலவைக்கும் அழியாதிருக்க வேண்டும் என்றே வடிவமைக்கப்பட்டன. துணியில் வேண்டப்பட்ட அந்த அழியாமையே ஆற்றில் கேடாயிற்று. நுண்ணுயிர்களாலும் எளிதில் சிதைக்கவியலாத அச்சாயங்கள் திருப்பூரில் நொய்யலை நிறம் மாற்றின. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் அளவுக்கு நிலை முற்றியது.

ஃபென்டன் வினையைக் கழிவுநீரின்பால் திருப்பியவர்களுள் முன்னோடி, 1964இல் பீனால் கழிவைச் சிதைத்துக் காட்டிய ஐசன்ஹவர். ஆனால் கரைந்த இரும்பு உப்பைப் பயன்படுத்துவதில் இரு இடர்கள் உள்ளன. நீரின் பி.எச். அளவை 3 அளவில் வைத்திருக்க வேண்டும்; பின் அதை நடுநிலையாக்கும்போது இரும்புச் சேறு குவியும். இங்கேதான் கனிமங்கள் நுழைகின்றன. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரிச்சர்ட் வாட்ஸ் குழுவினர், மாசுற்ற மண்ணில் பெராக்சைடை மட்டும் இட்டாலும், மண்ணில் இயல்பாக உள்ள இரும்புக் கனிமங்களே வினையூக்கியாகச் செயற்படுவதைக் காட்டினர். கனிமத்தின் பரப்பிலேயே வினை நிகழ்வதால் கரையும் இரும்பு குறைவு. மேக்னடைட் தன் கட்டமைப்பிலேயே ஃபெரஸ் இரும்பைக் கொண்டது. காந்தத்தால் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தலாம். சேலம் கஞ்சமலையில் கிடைப்பது இக்கனிமமே. 1830களில் ஹீத் பரங்கிப்பேட்டையில் நடத்திய இரும்பாலை, சேலம் வட்டாரத்தின் இத்தகைய தாதுவை நம்பியே எழுந்தது.

இவ்வளவும் சொன்னபின் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, வரலாறு சார்ந்தது. காளத்திக் கலைஞர்கள் ஃபென்டன் வினையை அறிந்திருந்தனர் என்று எழுதுவது பிழை. அவர்கள் இரும்பை நாடியது கறுப்புக்காக. துணி இற்றது அவர்கள் வேண்டாத விளைவு. அவர்களுடைய உண்மையான அறிவு, புளிக்கும் வெல்லம், துரு, கடுக்காய் ஆகியவற்றின் அளவையும் பக்குவத்தையும் கையால் அறிந்தது. அந்த அறிவே மதிப்புக்குப் போதுமானது. அதற்குக் கேம்பிரிட்ஜின் முத்திரையை ஒட்டவேண்டியதில்லை.

இரண்டாவது, அறிவியல் சார்ந்தது. நிறம் மறைவதும் நஞ்சு மறைவதும் ஒன்றல்ல. பாதி சிதைந்த மூலக்கூறு முன்னதைவிடக் கொடியதாகவும் இருக்கக்கூடும். ஆகவே கரிமம் முழுவதும் கரியமிலவாயுவாக மாறியதா என்று அளக்காமல் வெற்றியை அறிவிக்கலாகாது. நொய்யலின் உப்பை இவ்வினை தொடாது. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளின் குரோமியம் ஒரு தனிமம். அதனை எத்தனியுறுப்பாலும் சிதைக்கவியலாது. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் வலியுறுத்திய முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டுக்கு எந்த வினையூக்கியும் மாற்றாகாது.

இத்துறையில் ஆய்வைத் தொடங்கும் மாணவர்கள் அருங்காட்சியகத்தின் துணிகளையும் ஒருமுறை நோக்க வேண்டுகிறேன். துணி காப்பவர் அஞ்சுவதும் நீர் காப்பவர் வேண்டுவதும் ஒரே வினையை. முன்னது நூற்றாண்டுகளில் தானே நிகழ்ந்தது. பின்னதைச் சில மணி நேரத்தில், நம் கட்டுப்பாட்டில், முழுமையாக நிகழ்த்த வேண்டியிருக்கிறது. ‘முழுமையாக’ என்னும் அச்சொல்லில்தான் நம் ஆய்வின் பொறுப்பு அடங்கியுள்ளது.